விண்ணப்பம் வளர்ந்த வரலாறு

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த மக்கள் நாம். நம் முன்னோர் கணவாய் வழியே பாலக்காட்டுக்கும், மலைப்பாதை வழியே தேவிகுளம், பீர்மேடு முதலிய இடங்களுக்கும் வந்து சேர்ந்தனர். அவர்கள் சுமந்து வந்த மூட்டைகளைப் பற்றியும், கட்டிய கோயில்களைப் பற்றியும், பேசிய தமிழைப் பற்றியும் நம் ஆண்டு மலர்களில் அறிஞர் பலர் எழுதியுள்ளனர். யான் ஈண்டு எழுதப் புகுவது அவர்கள் கையிலிருந்த தாளைப் பற்றியது. வேலை வேண்டுவோன் ஒருவன் தன்னைப் பற்றி எழுதிக் கொடுக்கும் தாளுக்கு ஒரு வரலாறு உண்டு. அத்தாளை யார் எழுதினர், அதில் என்ன எழுதினர், அதனைப் படித்தவர் எதனை நோக்கினர் என்று ஆராய்ந்தால், நம் மக்கள் அடைந்த உயர்வும் தாழ்வும் அதில் ஒருங்கே விளங்கும்.

இக்காலத்தில் இத்தாளை ‘பயோடேட்டா’ என்றும், ‘ரெஸ்யூமே’ என்றும், ‘சி.வி.’ என்றும் வழங்குகின்றனர். ரெஸ்யூமே என்பது பிரெஞ்சுச் சொல். அதன் பொருள் சுருக்கம் என்பதாகும். சி.வி. என்பது ‘வாழ்க்கையின் ஓட்டம்’ எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் முதலெழுத்துக்களாகும். நாம் இதனைத் தன்விவரக் குறிப்பு எனலாம். பெயர்கள் புதியன, பொருளோ பழையது.

உத்தரமேரூரின் தகுதிப் பட்டியல்

ஒரு பணிக்கு ஆளைத் தேர்வதற்கு முன், அவனுக்கு இருக்க வேண்டிய தகுதிகளை வரையறுத்து எழுதிவைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தது. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் அதற்குச் சான்று. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினராக வேண்டுவோன் கால்வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலம் உடையவனாக இருத்தல் வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருத்தல் வேண்டும், வயது முப்பத்தைந்துக்குக் குறையாமலும் எழுபதுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும், கல்வியும் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவனும் அவன் உறவினரும் தேர்தலுக்கு உரியரல்லர். தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர்.

இதில் இரண்டு செய்திகளை நாம் கருத வேண்டும். முதலாவது, தகுதி இன்னது என முன்கூட்டியே கல்லில் வெட்டி அனைவரும் காண நிறுத்தியமை. இரண்டாவது, அத்தகுதி நிலமுடையோர்க்கும் வேதம் கற்றோர்க்குமே எட்டக்கூடியதாக இருந்தமை. ஊரில் உழுத மக்களின் பெயர் அக்குடத்தில் விழ வழியில்லை. தகுதிப் பட்டியல் என்பது ஒருவனுக்குக் கதவையும் மற்றொருவனுக்குச் சுவரையும் ஒரே நேரத்தில் அமைக்க வல்லது என்பதனை இக்கல்வெட்டிலேயே காண்கிறோம்.

மிலான் நகரத்துக்குச் சென்ற கடிதம்

மேலைநாட்டில் தன்விவரக் குறிப்பின் முன்னோடியாக இத்தாலிய ஓவியர் லியனார்டோ டா வின்சியின் கடிதத்தைக் காட்டுவது மரபு. ஏறத்தாழ 1482-ஆம் ஆண்டில், மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்போர்சாவுக்கு அக்கடிதம் எழுதப்பெற்றது. அப்பொழுது லியனார்டோவுக்கு வயது முப்பதளவே. உலகம் அவரை ஓவியராகவே போற்றுகிறது. ஆனால் அக்கடிதத்தில் அவர் ஓவியத்தை முதலில் எடுத்துரைக்கவில்லை. எளிதில் எடுத்துச் செல்லத்தக்க பாலங்கள் கட்டுவேன், முற்றுகையில் அகழி நீரை வெளியேற்றுவேன், பீரங்கிகளும் மூடிய போர்வண்டிகளும் அமைப்பேன் என்று எண்ணிட்டு வரிசையாக எழுதி, இறுதியிலேயே கட்டடம், சிற்பம், ஓவியம் ஆகியவற்றைக் குறித்தார். காரணம் வெளிப்படை. மிலான் தலைவனுக்கு அன்று தேவைப்பட்டது போர்க்கருவி. தனக்கு இன்னின்னவெல்லாம் தெரியும் என்று பறைசாற்றுவது வேறு. எதிரில் இருப்பவனுக்கு வேண்டியது இன்னது என அறிந்து, அதற்குத் தான் பயன்படுமாற்றை எழுதுவது வேறு. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வேறுபாடு மாறவில்லை.

சிபாரிசும் பரீட்சையும்

ஆங்கிலக் கம்பெனியார் ஆட்சியில் உத்தியோகம் என்பது பெரும்பாலும் சிபாரிசினாலேயே கிடைத்தது. பெரிய துரையை அறிந்த துபாஷியும், துபாஷியை அறிந்த உறவினனும் உள்ளே நுழைந்தனர். கையில் இருந்த தாள் ‘நற்சாட்சிப் பத்திரம்’. அதனை எழுதியவன் வேலை வேண்டுவோன் அல்லன். அவனை அறிந்த மேலோன்.

1854-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நார்த்கோட், டிரெவெலியன் என்னும் இருவர் அரசாங்க உத்தியோகத்துக்குப் போட்டித் தேர்வே முறை என்று அறிக்கை அளித்தனர். மறு ஆண்டு இந்திய சிவில் சர்வீசுக்குப் போட்டித் தேர்வு தொடங்கிற்று. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. அதன் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினவன் என்ற ஒரு வரி, துரையின் சிபாரிசுக்கு நிகரான மதிப்பைப் பெறலாயிற்று. இது சிறு மாறுதல் அன்று. யாரைத் தெரியும் என்ற வினா இருந்த இடத்தில், என்ன தெரியும் என்ற வினா வந்து அமர்ந்தது. ஆயினும் பள்ளிக்குள் நுழைய இயலாதவர்க்கு அந்த வினா கேட்கப்படவே இல்லை என்பதனையும் மறத்தல் கூடாது.

சிபாரிசு போய்விட்டதோ எனின், அதுவும் இல்லை. விண்ணப்பத்தின் நடையில் அது தங்கிவிட்டது. ‘தாழ்மையுடன் வேண்டிக்கொள்ளும்’, ‘என்றும் கீழ்ப்படிந்துள்ள ஊழியன்’ என்னும் தொடர்கள் ஆங்கிலத்திலிருந்து வந்து, தாலுகாக் கச்சேரியின் வாயிலில் மனு எழுதுவோர் கையில் வாய்பாடாக நிலைத்துவிட்டன. தகுதியைச் சொல்ல வேண்டிய தாளில் பாதிக்கு மேல் பணிவே நிரம்பிற்று.

கணவாயில் வந்த இருப்புப்பாதை

பாலக்காட்டுத் தமிழர் வாழ்வில் இம்மாறுதலை விரைவுபடுத்தியது இருப்புப்பாதை. 1856 ஜூலை 1-இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதற் பயணி வண்டி புறப்பட்டது. 1861 மார்ச் 12-இல் மேற்குக் கரையில் பேப்பூருக்கும் திரூருக்கும் இடையே வண்டி ஓடிற்று. 1862-இல் இருபுறத்துப் பாதைகளும் பாலக்காட்டுக் கணவாய் வழியே இணைந்தன. பின்னர், தென்னக இரயில்வே 1951 ஏப்ரல் 14-இல் உருவாகி, 1956-இல் ஒலவக்கோடு கோட்டத் தலைமையிடமாயிற்று. அந்த ஒலவக்கோடு நிலையமே இன்று பாலக்காடு சந்திப்பு என வழங்குகிறது. நம்மில் பலர் குடும்பங்கள் இவ்வூரில் வேரூன்றக் காரணம் இதுவே.

இருப்புப்பாதைக்கு நிலைய அதிகாரி, தந்தி எழுத்தர், சீட்டு எழுத்தர், கணக்கர் எனப் படித்தவர் பலர் தேவைப்பட்டனர். பாலக்காட்டில் 1866-இல் பள்ளியாகத் தோன்றிப் பின் கல்லூரியாக வளர்ந்த விக்டோரியா கல்லூரி அவர்களை ஆக்கித் தந்தது. கல்பாத்தி முதலிய அக்கிரகாரங்களின் இளைஞர்கள் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பயின்று, பம்பாய், கல்கத்தா, டில்லி ஆகிய நகரங்களுக்கு வண்டி ஏறினர். அவர்களுடைய விண்ணப்பத்தில் மெட்ரிகுலேஷன் என்பது ஒரு வரி. தட்டெழுத்து, சுருக்கெழுத்து வேகம் என்பது மற்றொரு வரி. இவ்விரண்டாம் வரி நாம் கருதத்தக்கது. அது பட்டம் அன்று, குலப்பெருமையும் அன்று. நிமிடத்துக்கு இத்தனை சொல் என அளந்து காட்டத்தக்க கைத்திறன். எவரும் எதிரில் அமர்ந்து சோதித்துப் பார்க்கலாம். அத்தகைய வரி ஒன்றேனும் இருக்கும் விண்ணப்பம் வலிமையுடையது.

பாலக்காட்டுச் சீமையைச் சேர்ந்த ஒற்றப்பாலத்தில் 1893-இல் பிறந்த வி. பி. மேனன் அவர்களை இங்கே நினைவு கூர்தல் தகும். அவர் கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர். இளமையில் இருப்புப்பாதையில் கரி அள்ளியும் கோலார் சுரங்கத்தில் உழைத்தும் பிழைத்ததாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1914-இல் இந்திய அரசின் உள்துறையில் எழுத்தராகச் சேர்ந்தவர், படிப்படியாக உயர்ந்து அரசியல் சீர்திருத்த ஆணையரானார். விடுதலைக்குப் பின் சர்தார் வல்லபபாய் படேலுக்குத் துணையாய், சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைக்கும் பணியில் செயலாளராக நின்றார். பட்டத்தை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இத்தகையோர் தென்படார்.

துறைமுகத்துக்கு எழுதிய இளைஞர்

எழுத்தர் வேலைக்கு எழுதப்பெற்ற விண்ணப்பங்களுள் தமிழர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. 1912 பிப்ரவரி 9-ஆம் நாள், திருவல்லிக்கேணியிலிருந்து சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் எழுதினார். அவர் பெயர் சீனிவாச இராமானுஜன்.

அன்று அவருடைய நிலை யாது? கும்பகோணத்தில் மெட்ரிகுலேஷன் தேறியவர். அதன்பின் எப்.ஏ. தேர்வில் கணிதம் ஒழிந்த பிற பாடங்களால் தவறி, கல்லூரிப் படிப்பை முடிக்க இயலாதவர். திருமணம் ஆனவர், வருவாய் இல்லாதவர். இக்குறைகளை மறைத்து எழுதப் பலரும் துணிவர். அவரோ சில வரிகளில் உள்ளதைச் சொன்னார். காலியான எழுத்தர் இடம் ஒன்று இருப்பதாக அறிந்து விண்ணப்பிப்பதாகத் தொடங்கினார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எப்.ஏ. வரை பயின்றதையும், சூழ்நிலைகளால் மேலே தொடர முடியாமற் போனதையும் குறித்தார். அதன் பிறகான காலத்தைக் கணித ஆராய்ச்சியில் முழுவதும் செலவிட்டதைக் கூறினார். இப்பணியை நன்கு செய்ய முடியும் என்ற நம்பிக்கையைத் தெரிவித்து முடித்தார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அளித்த பரிந்துரையும் உடன் சென்றது. 1912 மார்ச் 1-ஆம் நாள் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் அவர் பணியில் அமர்ந்தார்.

இக்கடிதத்தில் நாம் கற்கத்தக்கவை மூன்று. எந்த இடத்துக்கு எழுதுகிறோம் என்பது முதல் வரியிலேயே விளங்குகிறது. படிப்பில் ஏற்பட்ட இடைவெளி மறைக்கப்படவில்லை; அதே நேரத்தில் அதற்காகப் புலம்பவும் இல்லை, பிறர் எவரையும் பழிக்கவும் இல்லை. அந்த இடைவெளியில் செய்த வேலை இன்னது என்பது உடனே அடுத்த வரியில் நிற்கிறது.

பத்துத் திங்கள் கழித்து, 1913 ஜனவரி 16-இல் அதே எழுத்தர் மற்றொரு கடிதம் எழுதினார். அது கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குச் சென்றது. அதில் தம்மைச் சென்னைத் துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவின் எழுத்தர் என்றும், ஆண்டுக்கு இருபது பவுன் சம்பளம் பெறுபவர் என்றும், பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர் என்றும் தொடக்கத்திலேயே அறிமுகம் செய்துகொண்டார். ஆனால் அக்கடிதத்தின் உயிர் அதனோடு இணைத்த தாள்களில் இருந்தது. தாம் கண்ட தேற்றங்கள் பலவற்றை அவற்றில் எழுதியிருந்தார். பட்டம் இல்லாத குறையை அவர் சொற்களால் நிரப்பவில்லை. செய்த வேலையைக் கொண்டு நிரப்பினார். ஹார்டிக்கு முன்னர் எழுதப்பெற்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் இருவர் கண்டுகொள்ளவில்லை. ஹார்டி கண்டுகொண்டார். 1914-இல் இராமானுஜன் கப்பலேறினார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நல்ல விண்ணப்பமும் ஒருமுறை, இருமுறை மறுக்கப்படலாம். அதனால் விண்ணப்பம் தீயதாகாது என்பதும் இதனால் பெறப்படும்.

மலையில் எழுதப்படாத தாள்

கணவாயின் வரலாறு இவ்வாறிருக்க, மலையின் வரலாறு முற்றும் வேறு. 1877-இல் பூஞ்சாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்பவர் கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருட் கம்பெனி நிறுவப்பெற்றது. காட்டை அழிக்கவும், தேயிலை நடவும், கொழுந்து பறிக்கவும் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். போடிநாயக்கனூரைக் கடந்து, கொட்டகுடி வழியே டாப் ஸ்டேஷன் ஏறி அவர்கள் வந்தனர். பின்னாளில் தேயிலைப் பெட்டிகள் கயிற்றுப்பாதையில் இறங்கின. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1924-ஆம் ஆண்டு வெள்ளத்தில் அழியும்வரை சிறு இரயிலும் ஓடிற்று. மக்களோ நடந்தே ஏறினர்.

இம்மக்கள் எவரும் விண்ணப்பம் எழுதியவரல்லர். அவர்களுக்காகப் பேசியவன் கங்காணி. ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பவனும் அவனே. மலையில் வேலை வாங்குபவனும் அவனே. அவர்கள் உழைப்பில் பங்கு பெறுபவனும் அவனே. துரைக்குத் தெரிந்தது கங்காணியின் பெயரும், அவன் கீழுள்ள தலைகளின் எண்ணிக்கையும். வேலைக்குச் சேரும்போதே கழுத்தில் கடன் ஏறிவிட்டது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில், முன்பணம் பெற்றுக்கொண்டு வேலையை விட்டுச் சென்றவனைத் தண்டிக்க 1859-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இடமளித்தது. 1925-இல் அதனை நீக்கும் சட்டம் வந்தது.

இதே மக்களின் உறவினர் இலங்கைத் தோட்டங்களுக்கும் சென்றனர். அங்கே ‘துண்டு’ என்று ஒரு தாள் வழங்கிற்று. ஒரு தோட்டத்துக் கூட்டம் மற்றொரு தோட்டத்துக்கு மாற வேண்டின், இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்பேன் என்று பழைய தோட்டத்துத் துரை அத்துண்டில் எழுதிக் கொடுப்பான். புதிய துரை அதனைப் படித்து ஆளை எடுப்பான். 1921-இல் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது. எண்ணிப் பாருங்கள்! அதுவும் வேலைக்கு ஆள் மாறும்போது கைமாறிய தாளே. ஆனால் அதில் தொழிலாளியின் திறமை இல்லை. கவாத்து வெட்டும் நுட்பம் இல்லை. கொழுந்தெடுக்கும் விரைவு இல்லை. அவனுடைய கடன் மட்டுமே இருந்தது. எழுதியவனும் அவன் அல்லன். படித்தவனும் அவன் அல்லன். சென்னைத் துறைமுகத்துக்கு இராமானுஜன் தம் கையால் எழுதிய அதே காலத்தில்தான் இத்துண்டும் வழங்கிற்று. ஒரே மொழி பேசிய மக்களுள் ஒருவனுடைய தாள் அவன் கற்றதைச் சொல்ல, மற்றொருவனுடைய தாள் அவன் பட்ட கடனைச் சொல்லிற்று.

1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பெற்று, குடியிருப்பு, மருத்துவம், குழந்தைகளின் கல்வி முதலியவை தோட்ட உரிமையாளரின் கடமைகளாயின. கங்காணி முறையும் மறைந்தது. ஆயினும் தமக்காகப் பிறர் பேசும் வழக்கம் விரைவில் மறையவில்லை. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் போனசுக்காகவும் கூலிக்காகவும் சாலையில் அமர்ந்தபொழுது, தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கித் தாமே பேச முன்வந்தனர். ‘பெம்பிளை ஒருமை’ என அவ்வெழுச்சி பெயர் பெற்றது. அதற்குப் பொருள் பல கூறலாம். தன் சொல்லைத் தானே சொல்லுதல் என்பது அவற்றுள் முதன்மையானது.

எல்லைக்கோடும் சான்றிதழும்

1956 நவம்பர் 1-இல் கேரள மாநிலம் உருவாயிற்று. மலபாரோடு பாலக்காடு வந்து சேர்ந்தது. தேவிகுளம், பீர்மேடு ஆகிய தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டுமெனத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசார் போராடினர். ஆனால் அவை கேரளத்திலேயே நின்றன. 1972 ஜனவரி 26-இல் இடுக்கி மாவட்டம் பிறந்தது. கோடு வரைந்தோர் மலையைப் பார்த்து வரைந்தனர். அக்கோட்டின் இருமருங்கும் உறவினரைக் கொண்ட குடும்பங்களுக்கு அது தாள்களின் சிக்கலாக முடிந்தது.

அச்சிக்கலில் பெரியது சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதியினரைக் குறிக்கும் குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்ட் 10-ஆம் நாள் வெளியாயிற்று. அப்பட்டியல் மாநிலம்தோறும் தனித்தனியே அமைந்தது. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குப் பின்னர்க் குடிபெயர்ந்தவர், புதிய மாநிலத்தில் அந்த உரிமையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. ஆதலின், தோட்டத்தில் மூன்று நான்கு தலைமுறையாக உழைத்த குடும்பத்துப் பிள்ளையிடமும், 1950-க்கு முன்னரே உன் முன்னோர் இங்கிருந்தனர் என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்கின்றனர். நிலமோ, சொந்த வீடோ இல்லாதவனிடம் பத்திரம் ஏது? பாட்டன் பெயர் பதிந்த பழைய தோட்டப் பதிவேடும், பள்ளிச் சேர்க்கைப் பதிவுமே அவனுக்குப் பத்திரம். எவன் கடனையும் வருகையையும் கணக்கிட அப்பதிவேடு எழுதப்பட்டதோ, அவனுடைய பேரனுக்கு இன்று அது உரிமைச் சான்றாக நிற்கிறது. வரலாற்றின் விந்தை இது.

இன்னொன்றும் உண்டு. மலையில் வீடு என்பது வேலையோடு பிணைந்தது. பணி ஓய்ந்தவர் வீட்டில் வேறு எவரும் தோட்டத்தில் வேலை செய்யவில்லையெனின் அவ்வீட்டை விட வேண்டியதாகிறது. படித்த மகனோ மகளோ வெளியே வேலை பெறுவது அக்குடும்பத்துக்குப் பெருமை மட்டும் அன்று. தலைக்கு மேல் கூரை அதுவே. இதனை அறிந்தால், ஒரு தன்விவரக் குறிப்பைச் செம்மையாக எழுதுவது அற்பச் செயலன்று என்பது விளங்கும்.

இக்காலத்து விண்ணப்பம்

1945-இல் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காகத் தொடங்கிய வேலைவாய்ப்பு அலுவலகங்கள், 1948-இல் அனைவர்க்கும் திறந்தன. முன்னாளைய இரயில்வே சர்வீஸ் கமிஷன்கள் 1985-இல் இரயில்வே ஆட்சேர்ப்பு வாரியங்கள் எனப் பெயர் பெற்றன. இன்று அவற்றுக்கு விண்ணப்பம் கணினி வழியாகவே செல்கிறது. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் மொழிச் சிறுபான்மையினர்க்காகச் சில தேர்வுகளில் தமிழிலும் வினாத்தாள் தருகிறது. இவ்வாய்ப்பை நம் பிள்ளைகள் விடலாகாது.

தனியார் நிறுவனங்களில் குறிப்பு ஒன்றே முதற் பார்வைக்கு உரியது. அங்கே பெயரே தடையாவதும் உண்டு. 2004-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், ஒரே தகுதியுடைய குறிப்புக்களை வெவ்வேறு பெயரிட்டு அனுப்பினர். கறுப்பினத்தவர் பெயர் தாங்கியவற்றைவிட வெள்ளையர் பெயர் தாங்கியவற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அழைப்பு வந்தது. இந்தியாவில் பேராசிரியர்கள் தோரட்டும் ஆட்டிவெல்லும் ஏறத்தாழ 4,800 விண்ணப்பங்களை நாளிதழ் விளம்பரங்களுக்கு அனுப்பி ஆராய்ந்து, 2007-இல் முடிவை வெளியிட்டனர். தாழ்த்தப்பட்டோர் எனவும் முஸ்லிம்கள் எனவும் பெயரால் அறியப்பட்டவர்க்கு, உயர்சாதிப் பெயருடையவரைவிடக் குறைந்த அழைப்பே கிடைத்தது. உத்தரமேரூரின் சுவர் முற்றும் இடியவில்லை என்பது இதனால் தெளிவு. ஆகவே, நன்றாக எழுதினால் எல்லாம் கைகூடும் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்ல வேண்டா. நன்றாக எழுதாவிடில் உள்ள வாய்ப்பும் கைநழுவும் என்பதையே சொல்வோம்.

இவ்வரலாற்றிலிருந்து திரட்டிய நெறிகளைச் சுருங்கக் கூறுவேன்.

பெயரை எல்லாத் தாளிலும் ஒரே வகையாக எழுதுக. தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்தே உண்டு. ஓரிடத்தில் தந்தை பெயர் விரிந்தும், ஓரிடத்தில் எழுத்தாகச் சுருங்கியும், ஓரிடத்தில் முன்னும், ஓரிடத்தில் பின்னும் நிற்பின், ஒருவனே மூவராகத் தோன்றுவான். மலையாளத்தில் எழுதி ஆங்கிலத்துக்கு மாறும்பொழுது எழுத்தும் வேறாகும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதையே அடிப்படையாகக் கொள்க. அதிற் பிழை இருப்பின் வேலை தேடும் வயதுக்கு முன்னரே திருத்திக்கொள்க.

லியனார்டோவைப் போல, அழைத்தவரின் தேவையை முதலில் படித்து அதற்கேற்ப வரிசைப்படுத்துக. ஒரே குறிப்பை எல்லா இடத்துக்கும் அனுப்புதல், ஒரே திறவுகோலை எல்லாப் பூட்டிலும் நுழைப்பதற்கு நிகர். அண்மையில் செய்த பணியும் படிப்பும் முதலில் வரட்டும். பழையவை பின்னே வரட்டும். ஓரிரு பக்கம் போதும்.

தட்டெழுத்துக் காலத்து இளைஞரைப் போல, அளந்து காட்டத்தக்கதை எழுதுக. ‘கடின உழைப்பாளி’ என்று தன்னைத் தானே புகழ்வதிற் பயனில்லை. இத்தனை பேருடைய சம்பளக் கணக்கை இத்தனை ஆண்டு எழுதினேன், இன்ன இயந்திரத்தை இயக்கினேன் என்பதில் பயன் உண்டு. தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் பேசவும் எழுதவும் வல்ல பிள்ளைகள் நம்மிடம் பலர். எல்லைப்புற வாழ்வு நமக்குத் தந்த செல்வம் அது. அதனைக் குறிப்பின் மூலையில் ஒளிக்காமல் முன்னே வைக்க வேண்டும்.

இராமானுஜனைப் போல, இடைவெளியை மறைக்காமல் அக்காலத்தில் செய்ததைச் சொல்லுக. செய்த வேலையின் சான்றை இணைத்திடுக. இல்லாத பட்டத்தையும் செய்யாத பணியையும் எழுதுவோன், பின்னாளில் உள்ள வேலையையும் இழப்பான்.

விளம்பரத்தில் கேட்டாலன்றிச் சாதி, சமயம், தந்தையின் தொழில், உடலின் நிறம், உயரம் முதலியவற்றை எழுதற்க. அவை திருமணப் பேச்சுக்கு உரிய பயோடேட்டாவில் இடம்பெறுவன. இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால் வந்த மயக்கமே இது. இடஒதுக்கீடு உள்ள பணியாயின், கேட்ட வடிவில் சான்றிதழை மட்டும் இணைத்தல் போதும். பணிவு வேண்டும், கெஞ்சுதல் வேண்டா. வேலை கேட்பது இரத்தல் அன்று. உழைப்பைத் தருகிறேன், ஊதியத்தைத் தருக என்னும் ஒப்பந்தத்தின் முதல் வரி அது.

சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள்

நம் சங்கம் ஆண்டுதோறும் நாடகமும் பட்டிமன்றமும் நடத்துகிறது, நன்று. அவற்றோடு ஆண்டுக்கு இருநாள், ஓய்வுபெற்ற எழுத்தர்களும் ஆசிரியர்களும் அமர்ந்து, பிள்ளைகளின் குறிப்பைப் படித்துத் திருத்திக் கொடுக்கலாம். அவர்களுக்காக எழுதிக் கொடுத்தல் கூடாது; அவர்களே எழுதப் பழக்க வேண்டும். காலனிப் பிள்ளைகளோடு சித்தூர், கொழிஞ்சாம்பாறை, நெல்லியாம்பதி, மூணாறு, வண்டிப்பெரியாறு ஆகிய இடங்களின் தமிழ்ப் பிள்ளைகளையும் அழைக்கலாம். வீட்டிலுள்ள பழைய சம்பளச் சீட்டு, பள்ளி மாற்றுச் சான்று, தோட்டப் பதிவின் நகல் ஆகியவற்றைக் குப்பையில் எறியாது காக்குமாறு பெரியோர்க்கு அறிவுறுத்தலாம்.

நம் பாட்டன்மாருள் சிலர் தம் பெயரைத் தாமே எழுதி வண்டி ஏறினர். சிலருடைய பெயரைக் கங்காணி எழுதினான். அவர்கள் இருவருடைய பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒரே வேலைக்கு விண்ணப்பிக்கின்றனர். இனி நம் பிள்ளைகளின் தாளை அவர்களே எழுதட்டும். அதில் கடன் இராமல் திறமை இருக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!